சாம்பல் பேணி

ஒனிஹங்கா
19.05.1996

தம்பி அன்றூவுக்கு,

அண்ணி பேர்ணடெட் எழுதிறன். எனக்கு எழுத்து வராது எண்டு உனக்குத் தெரியும். ஐஞ்சாம் வகுப்போடை நிண்டது. ஆனா போன் எடுத்தால் என்ரை குரல் கேட்டதும் வைக்கிறாய். மூண்டு தரம் வைச்சிட்டாய். கடதாசியை அப்பிடி வைக்கேலாது தானே. கிழிக்கலாம். கிழிக்க முதல் ஒருக்கா வாசி.

அம்மா, அப்பா பூட்டின பொயிலரைக் கழட்டிப்போட்டா எண்டு மெலனி உன்னட்டைச் சொல்லியிருக்கிறாள். பிள்ளை கதையோடை கதையாச் சொன்னது, கோள் சொல்லேல்லை. அவளோடை கோவிக்காதை. ஓம், கழட்டினதுதான். வீட்டைச் சூடாக்கின விறகுப் பொயிலர் இருந்த இடத்திலை இப்ப நிலக்கரிப் பொயிலர் நிக்குது.

ஏன் எண்டு கேட்பாய். விறகு கொத்த ஆளில்லை. மெலனிக்குப் படிப்பு, பின்னேரம் த்ரீ கிங்ஸிலை கடையிலை வேலை. எனக்குத் தோள்மூட்டு ஏலாது. இவர் இருந்தவரைக்கும் மரக்காலையிலை வேலை முடிஞ்சு வரேக்கை துண்டுக்கட்டை ஏத்திக்கொண்டு வருவார். இனி ஆர் கொண்டுவாறது? கரி எண்டால் லொறிக்காரன் மூட்டையாக் கொண்டுவந்து கொட்டிலுக்குள்ள இறக்கிப்போட்டுப் போறான். விறகு போலை கெதியாப் பத்தாது, ஆனால் பத்தினால் விடியுமட்டும் தணல் கிடக்கும்.

கறுப்புத்தான் பெரிய கரைச்சல். போன ஞாயிறு பூசையிலை நன்மை அப்பம் எடுக்கப் போய்க் கையை நீட்டினால் பத்து நகமும் கறுப்பு. சுவாமியார் என்ரை முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். பின்னாலை நிண்ட சரோஜாதேவியின்ரை மகள் சிரிச்சிட்டாள். நானும் சிரிச்சிட்டன். செத்தவீட்டுக்குப் பிறகு முதல்தரம் எண்டு நினைக்கிறன்.

சொல்ல வந்தது இதுதான். ஆவணி பதினேழு சனிக்கிழமை இவருக்கு ஆண்டுப் பூசை. இவருக்கு நீ ஒரே தம்பி. செத்தவீட்டுக்கு வந்து கோயிலிலை கடைசி வாங்கிலை இருந்திட்டு விடியமுதல் பிளேன் ஏறிட்டாய். அப்பவே சனம் கேட்டது. இந்த முறை முன் வாங்கிலை என்னோடை இரு. வேறை ஒண்டும் கேட்கேல்லை.

அண்ணி


கிறேமவுத்
02.06.1996

அண்ணி,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

விறகு கொத்த ஆளில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒக்லண்டில் கொத்தின விறகு விற்கிறார்கள். போன் எடுத்தால் வீட்டு வாசலில் கொட்டிவிட்டுப் போவார்கள். கரியையும் அப்படித்தானே எடுப்பித்தீர்கள். ஆகவே அது காரணமல்ல. என்னைச் சின்னப்பிள்ளை என்று நினைக்க வேண்டாம். எனக்கு நாற்பத்தொரு வயது.

அந்தப் பொயிலர் எங்கேயிருந்து வந்தது என்று மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. பள்ளிக்கூடம் ஒன்றை இடித்த இடத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. நானும் அண்ணனும் ட்ரெய்லர் வாடகைக்கு எடுத்து, மழைக்குள் ஏற்றி வந்தோம். ஆறு இடத்தில் ஓட்டை. ஊரில், பேசாலையில், வள்ளத்து மெசின் திருத்தின கையால் ஆறையும் ஒட்டினார். மூன்று அறைக்கும் குழாய் இழுத்தார். முதன்முதல் சுடுதண்ணீர் ஓடின அன்று குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பேர்ணி, இனி உன்ரை கால் விறைக்காது" என்று கூப்பிட்டார். நீங்கள் குசினியிலிருந்து, "என்ரை காலை விடுங்கோ, நிலத்திலை நிக்கிற தண்ணியைத் துடையுங்கோ" என்று சத்தம் போட்டீர்கள். எனக்கு நேற்றுப்போல் இருக்கிறது.

ஒன்பது மாதம் அண்ணி. ஒன்பது மாதம் அது அந்த மூலையில் நின்றால் உங்களுக்கு என்ன செய்தது?

அதில் இருந்த பித்தளைத் திருகு அவர் தன் கையால் கடைந்தது. அதையும் பழைய இரும்போடு கொடுத்தாயிற்றா?

ஆண்டுப் பூசைக்கு நான் வர வசதியில்லை. இங்கே ஆஸ்பத்திரியில் குளிர்காலத்தில் லீவு தரமாட்டார்கள். பூசைக்குக் காசு அனுப்புகிறேன்.

கரிப் பொயிலர் பார்ப்பதுதான் என் தொழில் என்றபடியால் ஒன்று எழுதவேண்டியிருக்கிறது. படுக்கப் போகும்போது புகைபோக்கித் தட்டை முழுதாக மூடவேண்டாம். கரியின் நச்சுக்காற்றுக்கு மணம் இல்லை. யன்னலும் ஒரு விரல் அளவு திறந்திருக்கட்டும். மெலனியின் அறையிலும்.

அன்றூ


ஒனிஹங்கா
11.06.1996

தம்பி,

யன்னல் திறந்துதான் கிடக்கு. உன்ரை காசு எனக்கு வேண்டாம்.

நான் எழுதினது காரணமில்லை எண்டாய். ஓம், அது காரணமில்லை. உண்மைக் காரணத்தை மெலனிக்கும் சொல்லேல்லை, பாவசங்கீர்த்தனத்திலை சுவாமியாருக்கும் சொல்லேல்லை. அங்கை போய் முழங்காலிலை நிண்டு, வாய் வரேல்லை, குசினியிலை பிள்ளையோடை கத்தினனான் எண்டு சொல்லிட்டு எழும்பி வந்திட்டன். உனக்கு எழுதிறன். நீ என்னோடை கோவம் தானே. கோவமான ஆளுக்குச் சொல்லுறது எனக்குச் சுகமா இருக்கு.

சித்திரை மாசக் கடைசியிலை குழாய் ஒழுகிச்சுது. கோயிலுக்கு வாற வித்தியா, தன்ரை வீட்டிலை குழாய் வேலைசெய்த ஒரு பொடியரைக் கூட்டி வந்தவ. பழனிசாமி எண்டு பேர், மலேசியாக்காரர், ஈப்போ ஊராம். நல்ல மனுசன், வாய் ஓயாது. ஒழுக்கை அடைச்சிட்டு, பொயிலரை ஒருக்கா எரிச்சுப் பார்ப்பம் எண்டார். நான் கொட்டிலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போனன். நீலப் படங்குக்குக் கீழை இவர் அடுக்கி வைச்ச கட்டை இருக்குதெல்லே, கூரை முட்ட. மற்றதெல்லாம் போன குளிரோடை முடிஞ்சு, மிஞ்சினது அந்த அடுக்குத்தான்.

அந்த மனுசன் ஒரு துண்டை எடுத்துத் திருப்பினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அக்கா, இதயா எரிக்கிறீங்க?"

"ஓம். இவர் கொண்டந்தது."

"ஐயோ, இது வேலிக்கு அடிக்கிற கட்டை லா. பச்சையா ஓடியிருக்கு பாருங்க. பூச்சி அரிக்காம இருக்க மருந்துல ஊறப்போட்டது. ஆர்செனிக்கு, அக்கா. விஷம். புகையும் ஆகாது, ஆனா அது மேல போயிடும். சாம்பலத் தொடவே கூடாது. நாய் நக்கினாக் கூட செத்துடும்."

பிறகு கை கழுவக் குசினிக்கு வந்தார். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்திலை என்ரை சாம்பல் பேணி இருந்தது. உனக்குத் தெரியும் தானே, பெரிய பால்மாத் தகரப் பேணி. "இத எதுக்கு அக்கா இங்க வச்சிருக்கீங்க?" எண்டார்.

"பூக்கண்டுக்கு" எண்டன்.

பொய் சொன்னன். அன்றூ, நான் என்ன செய்யிறனான் எண்டு நீ ஒரே வீட்டிலை இருந்து கண்டனீ. சட்டி பானை எல்லாம் பொயிலர்ச் சாம்பல் போட்டுத்தான் மினுக்குறது. மீன் வழுக்கினால் சாம்பல் தொட்டுத்தான் பிடிச்சு வெட்டுறது. ஊரிலை செய்த மாதிரித்தான் செய்தன். இவர் பல்லு விளக்கிறதுக்கும் சில நாள் அதிலை கிள்ளி எடுப்பார். பேஸ்ட் இனிக்குது எண்டுவார்.

சாகிறதுக்கு முன் ஒரு மாசமா வயித்தைப் பிரட்டுது, பிரட்டுது எண்டு கொண்டு திரிஞ்சவர். நான் இஞ்சி அவிச்சுக் குடுத்தன். எந்தச் சட்டியிலை அவிச்சன்?

பழனிசாமி போனபிறகு நான் பேணியை எடுத்து மூடி, மூண்டு பையிலை சுத்திக் குப்பையிலை போட்டன். சட்டியள் எல்லாத்தையும் போட்டன். மெலனி "மம், வாட் ஆர் யூ டூயிங்" எண்டு கேட்டாள். பழசு பிள்ளை எண்டன். அடுத்த நாள் அந்தாளுக்குப் போன் எடுத்து, இந்தப் பொயிலர் வேண்டாம், எங்கையும் கரிப் பொயிலர் இருந்தால் கொண்டு வந்து பூட்டு எண்டன். அதிலை ஒரு துண்டு விறகு எரியிறதைப் பார்த்துக்கொண்டு இந்த வீட்டிலை என்னாலை இருக்கேலாது.

டொக்டர் ஹாட் அட்டாக் எண்டு எழுதித் தந்தவர். இங்கிலீசிலை எழுதினது. டொக்டருக்கு என்ரை சாம்பல் பேணி தெரியுமோ?

நீ ஆஸ்பத்திரியிலை இருக்கிறாய். நான் உன்னட்டைக் கேட்கிறது இது ஒண்டுதான். உன்ரை அண்ணனைக் கொண்டது நானோ? தெரிஞ்ச ஆக்களைக் கேட்டுச் சொல்லு. ஓம் எண்டாலும் சொல்லு. என்னை அந்தரத்திலை விடாதை.

பித்தளைத் திருகை நான் குடுக்கேல்லை. கரிப் பொயிலரிலை பூட்டிக் கிடக்கு.

பேர்ணடெட்


கிறேமவுத்
15.06.1996

அண்ணி,

கடிதம் இப்போதுதான் கையில் கிடைத்தது. உடுப்பு மாற்றவில்லை, வேலை உடுப்போடு எழுதுகிறேன். போன் எடுத்தால் மெலனி பக்கத்தில் நிற்பாள், நீங்கள் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு வைப்பீர்கள். அதனால் எழுத்தில் தருகிறேன். கையில் வைத்திருங்கள்.

நான் டொக்டரைக் கேட்கத் தேவையில்லை. எனக்கே தெரியும்.

நீங்கள் அந்த அடுக்கைப் பார்த்து, மிஞ்சினது இது, ஆகவே எரித்ததும் இதுதான் என்று நினைத்துவிட்டீர்கள். அண்ணி, அது மிஞ்சினதே எரிக்கக் கூடாது என்று வைத்ததனால்தான்.

1993 யூலை. நான் உங்களோடு இருந்த கடைசி மாதம். மரக்காலையில் அப்போதுதான் முதன்முதலாக வேலிக் கட்டை செய்யத் தொடங்கினார்கள். அதற்கு முன் அண்ணன் கொண்டுவந்தது எல்லாம் மருந்து படாத வெறும் பலகை. பச்சைத் துண்டுகளை அண்ணன் காரில் ஏற்றுவதை போர்மன் கண்டு, "நெருப்பில் போடாதே, சாம்பல் நஞ்சு" என்று கையாலும் வாயாலும் விளங்கப்படுத்தியிருக்கிறான். அண்ணன் வீட்டுக்கு வந்து முதல் சொன்னதே உங்கள் சாம்பல் பேணியைத்தான். "டேய், பேர்ணி அதாலை தான் சட்டி மினுக்கிறவள். இதிலை ஒரு துண்டு பொயிலருக்குள்ளை போகக்கூடாது." கோழிக்கூடு அடிக்க உதவும் என்று தனியாக அடுக்கினோம். நான்தான் அவரோடு நின்று அடுக்கினேன். அதற்குப் பிறகும் கொண்டுவந்த பச்சைத் துண்டெல்லாம் அதன்மேல்தான் போயிருக்கும்.

உங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் பயத்திலை இருக்கிற சட்டி பானை முழுக்கத் தூக்கி எறிஞ்சிடுவாள்" என்றார். கடைசியில் எறிந்துதானே இருக்கிறீர்கள்.

என் சொல்லை நம்பவேண்டாம். கொட்டிலுக்குப் போய் அந்த அடுக்கைப் பிரித்துப் பாருங்கள். கையுறை போடுங்கள். அடியில் ஒரு கதவு கிடக்கும், பொயிலரோடு அதே பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கதவு. அதன்மேல் ஈரம் இழுக்காமலிருக்க நான் பேப்பர் விரித்தேன். திகதியைப் பாருங்கள். அண்ணன் அதிலிருந்து எடுத்து எரித்திருந்தால் அடுக்குக் குலைந்திருக்கும், அந்தப் பேப்பரும் இப்போது அங்கே இருக்காது.

பார்த்துவிட்டு எழுதுங்கள். அதன் பிறகு நானும் ஒன்று சொல்ல வேண்டும்.

அன்றூ


ஒனிஹங்கா
30.06.1996

தம்பி,

உன்ரை கடதாசி வந்த அண்டே தொடங்கினன். மூண்டு நாள் எடுத்தது. தோள் ஏலாததாலை ஒவ்வொரு துண்டாத்தான் எடுத்தன். பாத்திரம் கழுவுற ரப்பர் கையுறை போட்டன். மெலனி வந்து பார்த்திட்டுத் தானும் ஒரு சோடி போட்டுக்கொண்டு நிண்டாள். அப்பதான் அவளுக்குச் சொன்னன். பிள்ளை அழுதுபோட்டு, "யூ ஷுட் ஹாவ் டோல்ட் மீ" எண்டு என்ரை தலையைப் பிடிச்சாள். கையுறையோடை பிடிக்காதை எண்டு ஏசினன்.

மேலை இருந்த துண்டுகள் புதுசு. கீழை போகப் போகப் பச்சை மங்கி, சாம்பல் நிறமாகிக் கிடந்தது. ஒரு துண்டு உருவின இடமில்லை. சிலந்தி வலை கூட அறுந்திருக்கேல்லை. சுவரோடை இருந்த வரிசையிலை ஒரு சின்னப் பறவையின்ரை கூடு, காய்ஞ்சு போய்.

கதவு கிடந்தது. கைபிடி கழட்டின ஓட்டையும் கிடந்தது. பேப்பர் ஒட்டிப் போய், உரிக்க உரிக்கக் கிழிஞ்சுது. இங்கிலீசு எனக்கு விளங்காது. இலக்கம் விளங்கும். பதினேழு, யூலை, ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்று மூண்டு. மெலனியைத் திருப்பி வாசிக்கச் சொன்னன். அவளும் அதைத்தான் வாசிச்சாள். இன்னொருக்கா வாசி எண்டன்.

நான் அந்தக் கதவிலை இருந்திட்டன். மழை பெய்யுது, கொட்டில் வாசலாலை தூவானம் அடிக்குது, எழும்ப மனமில்லை. ரெண்டு வருசமா ஒவ்வொரு நாளும் இந்த மனுசன் வேலையாலை வந்து, நல்லதை ஒரு பக்கம், பச்சையை ஒரு பக்கம் எண்டு பிரிச்சிருக்கிறார். நான் குசினியிலை நிண்டு, வந்த மனுசன் உள்ளை வராமல் அங்கை என்ன தடவிக்கொண்டு நிக்கிறார் எண்டு கத்துறனான். தேத்தண்ணி ஆறுது எண்டு கத்துறனான்.

ரெண்டு மாசத்துக்குப் பிறகு நேற்று நித்திரை கொண்டன். விடிய எழும்ப பொயிலர் அணைஞ்சு போச்சு. படுக்க முதல் கரி போட மறந்து போனன். குளிரிலை இருந்து கோப்பி குடிச்சன். பரவாயில்லை.

எல்லாச் சட்டியையும் எறிஞ்சதாலை இப்ப ஒரு சட்டியிலைதான் சோறும் கறியும். கரிச் சாம்பல் ஒண்டுக்கும் உதவாது, கீறுது, மணக்குது. தெருமுனை டெயரிக் கடையிலை இரும்புப் பஞ்சு வாங்கி வைச்சிருக்கிறன்.

கரிப் பொயிலர் நிக்கட்டும். திருப்பிப் பழசைக் கொண்டு வரேலாது, அது உருக்கப் போயிட்டுது. அதுக்கு என்னை மன்னி. ஆறு இடம் ஒட்டினது எண்டு எழுதினாய். கழட்டேக்கை எண்ணினனான், ஏழு. நீ போன பிறகு இன்னொரு ஓட்டை விழுந்து, அதையும் ஒட்டினவர்.

ஒண்டு சொல்லவேணும் எண்டாயே, என்ன அது?

அண்ணி


கிறேமவுத்
09.07.1996

அண்ணி,

இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிப் பொயிலருக்குள் போட்டேன். இது ஐந்தாவது.

அந்தக் கதவை வீட்டுப் பின்பக்கத்திலிருந்து கொட்டிலுக்கு நானும் அண்ணனும் தூக்கினோம். நான் முன்பக்கம், அவர் பின்பக்கம். பாதி வழியில் "வை, வை" என்றார். திரும்பிப் பார்த்தால் முகம் சாம்பல் மாதிரி. யூலைக் குளிரில் வேர்த்துக் கொட்டுகிறது. கதவிலேயே இருந்துவிட்டார். நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டு. பத்து நிமிஷம் இருக்கும். நான் உங்களைக் கூப்பிட எழும்பினேன். என் கையைப் பிடித்து இழுத்தார்.

இது முதல்தரம் இல்லையாம். "பேர்ணிக்குச் சொன்னால் வேலைக்கு விடமாட்டாள். மெலனி படிச்சு முடியட்டும். சத்தியம் பண்ணு" என்றார். நான் மடு மாதா மேல் சத்தியம் பண்ணினேன். அடுத்த கிழமை இந்த வேலை கிடைத்து இங்கே வந்துவிட்டேன். போனில் கேட்பேன், எப்படி என்று. "கல்லு மாதிரி இருக்கிறன்" என்பார். நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

வயிற்றைப் பிரட்டுகிறது என்று அவர் கடைசி மாதம் சொன்னதும் நெஞ்சுதான் அண்ணி. இங்கே நேர்ஸ் ஒருவரிடம் கேட்டேன். அப்படியும் வருமாம்.

கோயிலில் கடைசி வாங்கில் இருந்தது அதனால்தான். உங்களுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. போனை வைத்ததும் பொயிலருக்காக அல்ல. பொயிலர் கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டு கோபப்பட்டேன். நீங்கள் பிழை விட்டவர் என்றால் நான் கொஞ்சம் குறைந்த பிழைகாரன் ஆகலாம் என்று. நீங்களோ உங்களையே கொலைகாரி என்று எழுதிக்கொண்டு, என்னிடம் நியாயம் கேட்டீர்கள்.

இரண்டு வருடம் எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் டொக்டரிடம் போயிருப்பார்.

இதற்குப் பிறகு நான் முன் வாங்கில் இருக்கத் தகாதவன். வரவில்லை.

அன்றூ


ஒனிஹங்கா
28.07.1996

அன்றூ,

உனக்குப் பதில் போட இத்தினை நாள் எடுத்தது, கோவம். வேறை ஒண்டுமில்லை.

நீ சொல்லியிருந்தாலும் அவர் டொக்டரிட்டைப் போயிருக்க மாட்டார் எண்டு எழுதினால் உனக்கு ஆறுதலா இருக்கும். எழுத யோசிச்சன். பொய்யடா அது. நான் இழுத்துக்கொண்டு போயிருப்பன். ரெண்டு காலிலையும் விழுந்தெண்டாலும் கொண்டு போயிருப்பன். அதாலை கோவம் இருக்கு. நாளைக்கும் இருக்கும். நீ வந்து நிண்டாலும் சிலநேரம் ஏசுவன். கேட்டுக்கொண்டிரு.

ஆனால் இதையும் கேள். நானும் கண்டனான். இவர் கோயில் படியிலை நாலாவது படியிலை நிண்டு சப்பாத்துக் கயிறு கட்டுறவர். ஒவ்வொரு ஞாயிறும் அவிழுற கயிறு என்ன கயிறு எண்டு நான் ஒருநாளும் கேட்கேல்லை. எனக்கும் வசதியாத்தான் இருந்தது. உனக்குச் சத்தியம் பண்ணின சாட்டெண்டாலும் இருக்கு. எனக்கு அதுவுமில்லை.

சித்திரையிலை இருந்து ஆனி மட்டும் நான் இருந்த இடத்திலை இப்ப நீ இருக்கிறாய். அது எப்பிடி இடம் எண்டு எனக்குத் தெரியும். அதிலை ஒருத்தரையும் இருக்க விட எனக்கு மனமில்லை, என்ரை எதிரியை எண்டாலும். நீ எதிரி இல்லை, இவரின்ரை தம்பி.

இப்ப வேலையைச் சொல்லுறன். பச்சைக் கட்டை முழுக்கக் கொட்டில் வாசலிலை குவிஞ்சு கிடக்கு. எரிக்கேலாது, கோழி வளர்க்கிற எண்ணமும் எனக்கில்லை. குப்பைமேட்டுக்குத்தான் கொண்டுபோகவேணும், அங்கை மண்ணுக்குள்ளை தாட்டு விடுவினமாம். பழனிசாமி ட்ரெய்லர் தாறன் எண்டவர். பதினாறாம் திகதி வெள்ளிக்கிழமை. ஏத்திறதுக்கு அந்தாளை நான் கேட்கேல்லை. வெள்ளிக்கிழமை ஏத்தி முடிச்சால் சனிக்கிழமை பூசைக்குக் கை கழுவிக்கொண்டு போகலாம். உன்ரை நகமும் கறுப்பாத்தான் இருக்கும், சுவாமியாருக்குப் பழகிப்போச்சு.

கதவை எறிய எனக்கு விருப்பமில்லை. நல்ல மரம். தேய்ச்சு மெழுகினால் குசினிக்கு மேசையாப் போடலாம். இவர் வைச்ச இடத்திலை இருந்து வீட்டுக்குள்ளை கொண்டுவர ரெண்டு பேர் வேணும். மெலனி தூக்கிறன் எண்டாள். நான் விடேல்லை. சித்தப்பா வருவார் எண்டு சொல்லிப்போட்டன்.

நீ முன்பக்கம் பிடி, நான் பின்பக்கம் பிடிக்கிறன். பாதி வழியிலை உனக்கு ஏலாமல் வந்தால் சொல்லு. எனக்கு ஏலாமல் வந்தால் நானும் சொல்லுவன். வைச்சிட்டு, அதிலையே கொஞ்சம் இருந்திட்டுத் தூக்குவம்.

அண்ணி